முதல் ஆக்‌ஷன் கேமரா வாங்குவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தை பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கம் ஊர் ஊராக எருது விடும் விழா. கோடை வந்தால் ராத்திரி லைட் போட்டுக் கபடிப் போட்டி. ஞாயிறு விடிந்தால் வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்க சைக்கிள் மிதிக்கும் பையன்கள். இதையெல்லாம் அதன் வேகம் குறையாமல் படம்பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய இருக்கிறார்கள். அதற்கென்றே உடம்பிலும் வண்டியிலும் மாட்டி எடுக்கும் சின்னக் கேமரா இருக்கிறது, அதைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கத்தான் இடமில்லை. கிருஷ்ணகிரி ரவுண்டானாவைச் சுற்றியும் தருமபுரி நான்கு ரோட்டிலும் மொபைல் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆக்‌ஷன் கேமரா என்று கேட்டால் "ஆர்டர் போட்டு எடுத்துத் தர்றோம் அண்ணா" என்பார்கள், இல்லையென்றால் பேர் தெரியாத ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவார்கள்.

உள்ளூர்க் கடை, ஓசூர், பெங்களூரு, ஆன்லைன் என்று எல்லா வழியிலும் அலைந்து பார்த்தாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். 10,000 முதல் 30,000 ரூபாய்க்குள் முதல் கேமரா வாங்கப் போகிறவரை மனதில் வைத்திருக்கிறேன். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். நிறையப் பேர் கடைசியில் செய்ய வேண்டியதை, அதாவது மாடல் தேர்வை, முதலில் செய்துவிட்டுப் பிறகு முழிக்கிறார்கள்.

1. எதை, எவ்வளவு தூரத்திலிருந்து எடுப்பீர்கள்?

கேமராவின் பேரைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வையுங்கள். எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது.

ஆக்‌ஷன் கேமராவின் லென்ஸ் மிக அகலமானது. ஓட்டுகிறவர் நெஞ்சிலோ, சைக்கிள் ஹேண்டில்பாரிலோ மாட்டினால் கை, சக்கரம், ரோடு, இரண்டு பக்கமும் பறக்கும் மரம் என எல்லாம் படத்துக்குள் வரும். வேகம் தெரியும். அதற்காகவே செய்த சாமான் அது. அதே கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு கேலரியில் நின்று எருது விடும் விழா எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். லென்ஸ் பக்கவாட்டில் 120 டிகிரி பார்க்கிறது என்று வையுங்கள். நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து காளை 20 மீட்டர் தள்ளி ஓடினால் படத்துக்குள் விழும் அகலம் கிட்டத்தட்ட 70 மீட்டர். இரண்டு மீட்டர் நீளமுள்ள காளை அதில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. போன் திரையில் அரை சென்டிமீட்டர்கூட வராது. அதே கேமராவைத் தடுப்புக் கம்பத்தில் கிளாம்ப் போட்டு மாட்டி, காளை மூன்று மீட்டர் பக்கத்தில் கடந்து போனால் அகலம் பத்து மீட்டர்தான். காளை படத்தில் ஐந்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு ஓடும். பார்க்கிறவன் உட்கார்ந்த இடத்தில் பின்வாங்குவான்.

தள்ளி நின்றுதான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் 3 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸாலேயே பெரிதாக்குவது) உள்ள போனோ பழைய ஹேண்டிகேமோ இதைவிட நல்ல படம் தரும். ஆக்‌ஷன் கேமராவில் "ஜூம்" என்று இருப்பது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டும்தான்.

ஆக, உடம்பில், வண்டியில், கம்பத்தில், தண்ணீரில் என்று கேமரா சம்பவத்துக்குப் பக்கத்திலேயே போகப்போகிறது என்றால் மேலே படியுங்கள். கபடிக்கு ஆடுகளத்தின் மூலையில் தாழ்வாக வைக்கலாம், அதுவும் சரிவரும். சிலம்பத்துக்குக் கம்பு சுற்றும் வட்டத்துக்கு வெளியே இடுப்பளவு உயரத்தில் வைத்தால் நன்றாக இருக்கிறது.

2. கையில் இருக்கும் போனை முதலில் சோதியுங்கள்

காசு செலவில்லாத படி இது. 4கே (மிக நுணுக்கமான வீடியோ தரம்) எடுக்கும், ஓரளவு ஸ்டெபிலைசேஷன் (படத்தின் ஆட்டத்தைக் குறைப்பது) உள்ள போன் உங்களிடம் இருந்தால், ஒரு வாரம் அதிலேயே எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் போன் கைவிடுகிறது என்று குறித்து வையுங்கள். அந்தக் குறைதான் கேமரா வாங்கும்போது உங்கள் பட்டியல்.

ஒரு எச்சரிக்கை. போனை பைக் ஹேண்டில்பாரில் மாட்டிச் சோதிக்காதீர்கள். இன்ஜின் அதிர்வு போன் கேமராவுக்குள் இருக்கும் நுணுக்கமான ஸ்டெபிலைசேஷன் பாகத்தைக் கெடுத்துவிடலாம். ஆப்பிள் நிறுவனமே 2021-இல் ஐபோன்களுக்கு இந்த எச்சரிக்கையை வெளியிட்டது. சக்தி அதிகமுள்ள பைக்காக இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல்.

3. மொத்தக் காசையும் கேமராவில் போடாதீர்கள்

15,000 ரூபாய் வைத்திருந்தால் கேமராவுக்கு 10,000 மட்டும். மூன்றில் ஒரு பங்கைக் கட்டாயம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஏனென்றால் கேமரா மட்டும் கையில் இருந்தால் ஒன்றும் எடுக்க முடியாது. பெரும்பாலான பெட்டிகளில் மெமரி கார்டு இருக்காது. பேட்டரி ஒன்றுதான் இருக்கும்.

நான் வாங்கிய விலையை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் முன்னேபின்னே ஆகலாம். நல்ல 64 ஜிபி கார்டு ஆயிரம் ரூபாய் அளவில். கூடுதல் பேட்டரி ஒன்று 800 முதல் 1,500 வரை, பெரிய பிராண்டின் சொந்த பேட்டரி என்றால் அதற்கும் மேலே. நெஞ்சுப்பட்டை 500 முதல் 1,000. கம்பத்தில் மாட்டும் கிளாம்ப் 400 முதல் 700. தண்ணீரில் இறங்குகிறீர்கள் என்றால் மிதக்கும் கைப்பிடி 400 ரூபாய் அளவில். கூட்டிப் பார்த்தால் மூவாயிரத்தைத் தாண்டிவிடும். "50 பொருள் கிட்" என்று 999 ரூபாய்க்கு விற்கிறார்களே, அதில் உபயோகப்படுவது நான்கோ ஐந்தோ. மற்றவை மூலையில் கிடக்கும். அதிலுள்ள பிளாஸ்டிக் திருகு வெயிலில் உடைந்தும் போகும். தேவையானதைத் தனித்தனியாக நல்லதாக வாங்குங்கள்.

4. எந்த விலையில் எது கிடைக்கும்

5,000 ரூபாய்க்குக் கீழே: வேண்டாம். பெட்டியில் 4கே என்று போட்டிருக்கும், ஸ்டெபிலைசேஷன் பேருக்குத்தான் இருக்கும், சர்வீஸ் என்று ஒன்று இருக்காது. விளையாட்டு எடுக்க இது உதவாது.

6,000 முதல் 13,000 வரை: எஸ்ஜேகேம், அகாசோ போன்ற பிராண்டுகள் இந்த இடத்தில் இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் சைக்கிள், ஓட்டம், நீச்சல் எடுக்கப் போதும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் படம் மங்கிப் புள்ளி தட்டும். இந்த விலையில் பல மாடல்களுக்குத் தண்ணீர்க் கவசம் தனியாக இருக்கும். அதற்குள் போட்டால் சத்தம் அடைத்துப்போகும், பேச்சு கேட்காது.

இருபதாயிரத்தை ஒட்டி: கோப்ரோவின் சின்ன ஹீரோ இந்தப் பக்கம் வரும். 2024-இல் வந்த மாடல், 86 கிராம்தான் எடை, 5 மீட்டர் ஆழம் வரை கவசம் தேவையில்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்து வாங்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது. ஆட்டத்தைக் குறைக்கும் வேலை கேமராவுக்குள் நடப்பதில்லை, போனில் உள்ள 'குயிக்' என்ற கோப்ரோ ஆப்புக்கு மாற்றும்போதுதான் நடக்கிறது. காலையிலிருந்து மத்தியானம் வரை நடக்கும் விழாவுக்கு மாற்ற முடியாத பேட்டரி பெரிய தொல்லை. குழந்தைகளுக்கும் பயணத்துக்கும் அது நல்ல கேமரா. எருது விடும் விழாவுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

25,000 முதல் 30,000 வரை: இங்கே புத்திசாலித்தனம், ஒன்றிரண்டு தலைமுறை பழைய பெரிய மாடலை வாங்குவதுதான். டிஜேஐ ஓஸ்மோ ஆக்‌ஷன் 4, 2023-இல் வந்தது. சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) பெரியது, அதனால் இருட்டில் தாக்குப்பிடிக்கும். 4கே-யில் நொடிக்கு 120 பிரேம் (தனித்தனிப் படம்) எடுக்கும், கவசமில்லாமல் 18 மீட்டர் ஆழம் தாங்கும். ராத்திரிக் கபடி உங்கள் முக்கிய வேலை என்றால் என் ஓட்டு இந்தப் பக்கம்தான். கோப்ரோ ஹீரோ 11, ஹீரோ 12 தள்ளுபடியில் இந்த விலைக்குள் கிடைத்தால் அவையும் நல்ல கேமராக்கள். 10 மீட்டர் ஆழம் தாங்கும்.

பேட்டரி விஷயத்தில் ஒரு வலை இருக்கிறது. ஹீரோ 9 முதல் 12 வரை ஒரே பேட்டரி பொருந்தும். ஹீரோ 13-க்கு வேறு பேட்டரி. நண்பரிடம் பழைய பேட்டரிகள் இருக்கின்றன, கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து 13-ஐ எடுத்தால் ஒன்றும் பொருந்தாது.

5. பெட்டியில் இருக்கும் 4கே-யை எப்படிச் சோதிப்பது

மலிவுக் கேமராக்களில் சென்சார் எடுப்பது சின்னப் படம். அதை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி 4கே என்று எழுதிவிடுவார்கள். விவரக்குறிப்பில் "இன்டர்போலேட்டட்" என்ற சொல் எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது உண்மையான 4கே இல்லை. எழுதாமலும் விட்டுவிடுவார்கள். அதனால் அந்த மாடலில் எடுத்த வீடியோவை யூடியூபில் தேடி, தரத்தை 4கே-யில் வைத்து, மர இலைகளும் புல்லும் உள்ள இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இலை தனித்தனியாகத் தெரிந்தால் சரி. பச்சைச் சேறாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம் ஸ்டெபிலைசேஷன். "6 அச்சு" என்றும் "சூப்பர் ஸ்மூத்" என்றும் எழுதியிருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தத் தரத்தில், நொடிக்கு எத்தனை பிரேமில் அது வேலை செய்கிறது? பல மலிவு மாடல்களில் 1080-இல் (4கே-க்குக் கீழான ஃபுல் எச்டி தரம்) மட்டும் வேலை செய்யும், 4கே-க்குப் போனால் அணைந்துவிடும். நம் ஊர் மண்ரோட்டில் சைக்கிள் ஓட்டி எடுக்கும் படத்துக்கு ஆட்டமில்லாத 1080 வேண்டும். ஆடுகிற 4கே-யை யாரும் பத்து நொடிக்கு மேல் பார்க்க மாட்டார்கள்.

6. மெமரி கார்டில் சிக்கனம் பார்க்காதீர்கள்

கார்டின் மேல் "யு3" அல்லது "வி30" என்று இருக்க வேண்டும். வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் வேகம். பாதியில் ரெக்கார்டிங் நின்றுபோவது, வீடியோ திறக்காமல் போவது போன்ற புகார் வந்தால் முதலில் கார்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எவ்வளவு பெரிய கார்டு? நொடிக்கு 100 மெகாபிட் (12.5 எம்பி) வேகத்தில் எழுதும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி தின்னும். 64 ஜிபி கார்டில் ஒரு மணி இருபது நிமிடம் அளவுக்குப் பிடிக்கும். ஒரே 256-ஐவிட இரண்டு 64 நல்லது. ஒன்று கெட்டாலும் பாதி விழா மிஞ்சும். உங்கள் கேமரா எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பதையும் பாருங்கள், பழைய மாடல்களுக்கு வரம்பு உண்டு.

போலிக் கார்டு நிறைய உலவுகிறது. 128 என்று எழுதி உள்ளே 16 இருக்கும். கேமராவில் போடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் "எச்2டெஸ்ட்டபிள்யூ" என்ற இலவச மென்பொருளை ஓட்டிச் சோதியுங்கள். கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்க்கும். நேரம் எடுக்கும், ஆனால் உண்மை தெரிந்துவிடும். திரும்பக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இதைச் செய்யுங்கள்.

7. எப்போது வாங்குவது, எங்கே வாங்குவது

கோப்ரோ 2020 முதல் 2024 வரை ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில் புதிய மாடலை விட்டது. புதியது வந்தவுடன் பழையதன் விலை இறங்கும். அதோடு ஆன்லைன் தீபாவளித் தள்ளுபடியும் செப்டம்பர், அக்டோபரில் சேர்ந்துகொள்ளும். நம் ஊர்க் கணக்குக்கும் இது பொருந்துகிறது. அக்டோபரில் வாங்கினால் தை வருவதற்குள் இரண்டு, மூன்று மாதம் பழக நேரம் கிடைக்கும். பொங்கலுக்கு முந்தின வாரம் ஓடிப்போய் வாங்குகிறவர் விலையும் கூடக் கொடுப்பார், செட்டிங்கும் தெரியாமல் நிற்பார்.

ஆன்லைனில் வாங்கினால் விற்பவர் பெயரைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். "திரும்பப் பணம்" கிடைக்குமா, "மாற்று மட்டும்" தானா என்பதைப் படியுங்கள், கேமராவுக்குப் பெரும்பாலும் மாற்று மட்டும்தான் தருகிறார்கள். டெலிவரி ஆள் முன்னாலேயே பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அஞ்செட்டி, கோட்டப்பட்டி மாதிரி இடங்களுக்கு விலை உயர்ந்த பொருள் வராது என்று காட்டினால், ஓசூரிலோ தருமபுரியிலோ உள்ள சொந்தக்காரர் முகவரிக்குப் போட்டு அங்கேயே போய்ப் பிரியுங்கள்.

பெங்களூரு எஸ்.பி. ரோடு டவுன் ஹால் பக்கம் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர் அளவு, பஸ்ஸில் போய்விட்டுச் சாயங்காலமே திரும்பலாம். தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயிலும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பல கடைகள் மூடியிருக்கும். அங்கே நேரில் எடுத்துப் பார்க்கலாம், பேரமும் பேசலாம். வலையும் அங்கேதான். "பில்லு இல்லாம எடுத்தா கம்மி பண்ணித் தர்றேன்" என்பார்கள். கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதனால் குறைப்பு பெரிதாகத் தெரியும். அந்தக் குறைப்பை வாங்கிக்கொண்டால் வாரண்டி போய்விடும், புகார் கொடுக்கக் கையில் ஒரு தாளும் இருக்காது. தயவுசெய்து வேண்டாம்.

8. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில். அதில் உங்கள் பெயர், மாடல் பெயர், கேமராவின் சீரியல் எண் மூன்றும் இருக்க வேண்டும். சீரியல் எண் எழுதவில்லை என்றால் கேட்டு எழுத வையுங்கள். "கேமரா - 1" என்று மட்டும் போட்ட பில்லை வாரண்டிக்கு ஏற்காமல் இழுத்தடித்த அனுபவம் எனக்கு உண்டு.

பெட்டியின் மேல் ஒட்டிய லேபிள். வெளிநாட்டுப் பொருளாக இருந்தால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்ஆர்பி, எந்த நாட்டுத் தயாரிப்பு, வாடிக்கையாளர் தொலைபேசி எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது சட்டம். லேபிளே இல்லையென்றால் அது பையில் போட்டுக் கொண்டுவந்த சரக்கு, இந்தியாவில் அதற்கு வாரண்டி கிடைப்பது சந்தேகம். வாங்கும் முன்பே அந்த வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் செய்து "இந்த மாடலுக்கு சர்வீஸ் எங்கே, கூரியரில் அனுப்பலாமா?" என்று கேளுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் அதுவே பதில்.

பேட்டரியின் மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும் "ஆர்-" என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கிறதா பாருங்கள். அச்சடித்த ஐஎஸ் 16046 என்ற எண்தான் லித்தியம் பேட்டரிக்குரிய தரநிலை. குறி இல்லாத மலிவு பேட்டரி சித்திரை வெயிலில் வண்டி டேங்க் பையில் கிடந்து உப்பிப் போனால், அதைக் கேமராவிலிருந்து வெளியே எடுக்கவும் முடியாது.

எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். ரசீது மை ஒரு வருடத்தில் அழிந்துவிடும்.

பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு மட்டும் இது: முதல் பில் இல்லாமல் வாங்காதீர்கள். லென்ஸ் கண்ணாடியில் கீறல், பேட்டரிக் கதவின் ரப்பர், சார்ஜர் துளை மூன்றையும் பாருங்கள். நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் விடாமல் ரெக்கார்டு ஓடவிடுங்கள். சூட்டில் அணைகிற கேமரா அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

9. பெட்டி பிரித்த முதல் வாரம்

பிரிப்பதை ஒரே வீடியோவாக, வெட்டாமல் எடுங்கள். முகவரி ஒட்டிய பக்கம் முதலில் தெரிய வேண்டும், கடைசியில் சீரியல் எண்.

டிஜேஐ கேமராவைப் போனில் உள்ள மிமோ ஆப் வழியாக ஆக்டிவேட் செய்யாவிட்டால் சில தடவைக்கு மேல் ஓடாது. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரில் அந்த ஆப் கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதே பேரில் இருக்கும் வேறு எதையும் தொடாதீர்கள். விழாத் திடலில் நின்றுகொண்டு சிக்னல் தேடாமல் வீட்டிலேயே இதை முடித்துவிடுங்கள்.

பிறகு மூன்று சோதனை. வெயிலில் கால் மணி நேரம் 4கே ஓடவிட்டுச் சூட்டைப் பாருங்கள். கோப்ரோவுக்கு நிறுவனம் சொல்லும் மேல் வரம்பு 35 டிகிரி. நம் ஊர்ச் சித்திரை அதைச் சுலபமாகத் தாண்டும். ஓடுகிற வண்டியில் காற்றுப் பட்டால் தாக்குப்பிடிக்கும், கம்பத்தில் அசையாமல் மாட்டினால் சூடேறி அணையும். அப்படியானால் 1080-க்கு இறக்கி, இடையிடையே நிறுத்தி எடுக்க வேண்டும். அடுத்து, தண்ணீர் தாங்கும் என்று சொன்ன கேமராவை வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். கதவு ரப்பரில் ஒரு மணல் துகள்கூட இருக்கக்கூடாது. ஒகேனக்கல் பரிசலில் முதல் சோதனை வேண்டாம். கடைசியாக, எடுத்த வீடியோ உங்கள் லேப்டாப்பில் ஓடுகிறதா பாருங்கள். புதிய கேமராக்கள் எச்இவிசி என்ற முறையில் சேமிக்கின்றன, பழைய லேப்டாப் அதில் திணறும். கேமராவில் பழைய முறையான எச்.264-க்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

10. மாட்டும் இடமும் செட்டிங்கும்

பைக், சைக்கிளுக்கு என் முதல் தேர்வு நெஞ்சுப்பட்டை. உடம்பே பாதி ஆட்டத்தை விழுங்கிவிடும், கையும் ஹேண்டில்பாரும் படத்தில் இருப்பதால் வேகம் தெரியும். பைக் ஹேண்டில்பாரில் நேரே மாட்டினால் இன்ஜின் அதிர்வு படத்தில் கூழ்போல் நெளியும். ஹெல்மெட்டில் துளை போடுவது கூடவே கூடாது. அடிபடும்போது தலையைக் காப்பாற்ற வேண்டிய கவசத்தை நீங்களே பலவீனப்படுத்துகிறீர்கள். கேரளாவில் 2022-இல் ஹெல்மெட் கேமராவுக்கு எதிராகவே போக்குவரத்துத் துறை நடவடிக்கை எடுத்தது. அந்தப் பக்கம் ரைடு போகிறவர்கள் கவனிக்கவும்.

ஒட்டும் மவுண்ட் என்றால் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டபிறகே கேமராவை மாட்டுங்கள். எங்கே மாட்டினாலும் ஒரு பாதுகாப்புக் கயிறு கூடவே இருக்கட்டும்.

செட்டிங்கில் நம் ஊருக்கே உரிய ஒன்று இருக்கிறது. இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் மின்விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ராத்திரிக் கபடி எடுக்கும்போது படத்தில் கறுப்புப் பட்டை ஓடுவது இதனால்தான். கேமராவில் ஆன்டி-ஃபிளிக்கர் (மினுக்கல் தடுப்பு) என்பதை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள், ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, கையால் மாற்ற முடிந்தால் 1/100 நொடியில் வையுங்கள். அப்போது பிரேம் எண்ணிக்கை 25, 50 என்று மாறும். போனில் 30-இல் எடுத்த துண்டுகளோடு அதைக் கலந்தால் படம் தட்டித் தட்டி ஓடும், எனவே ராத்திரிக்குப் போனையும் 25-க்கோ 50-க்கோ மாற்ற முடிகிறதா பாருங்கள்.

பகலில் 60 பிரேம் போதும். பாதி வேக ஸ்லோமோஷன் அதிலேயே கிடைக்கும். காளை குளம்பு மண்ணை உதறுவதை நான்கில் ஒரு பங்கு வேகத்தில் காட்ட வேண்டுமென்றால் 120. வெளிச்சம் நிறைய இருக்கும்போது மட்டும் அதைத் தொடுங்கள்.

11. அனுமதி

எருது விடும் விழா மாவட்ட நிர்வாக அனுமதியோடு, அரசிதழில் வந்த ஊர்களில்தான் நடக்கும். தடுப்புக் கம்பத்தில் கேமரா மாட்ட விழாக் குழுவினரிடம் முந்தின நாளே போய்க் கேளுங்கள். பெரியவர்களிடம் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை, எடுத்ததில் ஒரு காப்பி கேட்பார்கள், கொடுங்கள். காளை ஓட ஆரம்பித்தபின் கேமராவைச் சரிசெய்யத் தடுப்புக்கு உள்ளே இறங்காதீர்கள். இந்த விழாக்களில் பார்க்க வந்தவர்கள் மாடு முட்டிச் செத்திருக்கிறார்கள். கேமரா விழுந்தால் விழட்டும். போனிலிருந்து வைஃபை வழியாக இயக்கலாம், ஆனால் பத்து மீட்டருக்கு மேல், அதுவும் கூட்டத்தில், நம்ப முடியாது. முதல் காளைக்கு முன்பே ரெக்கார்டை ஓடவிட்டு வந்துவிடுங்கள்.

அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரிப் பக்கம் காப்புக்காடும் 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் இருக்கின்றன. ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், மாவட்ட வன அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். யானை நடமாட்டம் உள்ள இடம் அது. ஒகேனக்கல்லில் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொப்பூர்க் கணவாயிலோ வத்தல்மலையிலோ வேகமாக ஓட்டி எடுத்துப் போடும் வீடியோ உங்களுக்கே எதிரான சாட்சி. மோட்டார் வாகனச் சட்டத்தில் ஆபத்தாக ஓட்டுவதற்குப் பிரிவு 184, பந்தயம் விடுவதற்குப் பிரிவு 189. தொப்பூரில் எத்தனை குடும்பங்கள் ஆளை இழந்திருக்கின்றன என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

12. கேமரா கெட்டுப்போய், யாரும் கண்டுகொள்ளாவிட்டால்

முதலில் மெயிலில் புகார் செய்யுங்கள், போனில் பேசியது எழுத்தில் நிற்காது. பில், சீரியல் எண், பிரித்த வீடியோ மூன்றையும் இணையுங்கள். கூரியரில் அனுப்பும்போது கார்டையும் கூடுதல் பேட்டரியையும் எடுத்துவிட்டு, கேமராவை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, எடை போட்ட ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கூரியர் போய் வருவதற்கே நாட்கள் ஆகும், அதனால் விழாக் காலத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, பல புகார்கள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.